அசைன்மென்டில் ஏஐ: அனுமதித்தால் மட்டும் போதுமா?

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது, அதை எப்படிக் கையாள்வது என்று எந்தப் பல்கலைக்கழகத்திடமும் விதி இல்லை. அடுத்த சில மாதங்களில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பாரிஸில் உள்ள சியான்ஸ் போ, வெளிப்படையாகக் குறிப்பிடாமல் இதைப் பயன்படுத்துபவர் கல்வி நிறுவனத்தை விட்டே நீக்கப்படலாம் என்று 2023 ஜனவரியில் எச்சரித்தது. பிப்ரவரியில் ஹாங்காங் பல்கலைக்கழகம் தற்காலிகத் தடை போட்டது. அதே பருவத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் ஈதன் மாலிக் என்ற பேராசிரியர், மாணவர்கள் ஏஐ பயன்படுத்துவார்கள் என்றே தான் எதிர்பார்ப்பதாகத் தன் பாடத்திட்டத்தில் எழுதி வைத்தார்.

தடை நீடிக்கவில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகம் அந்த ஆண்டே மனம் மாறி, கருவிகளைத் தானே மாணவர்களுக்குத் தந்தது. பிரிட்டனின் 24 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய ரஸல் குழுமம் 2023 ஜூலையில் பொதுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மாணவர்களுக்கு ஏஐ கையாளத் தெரிந்திருக்க வேண்டும், அதைக் கற்றுத்தருவது எங்கள் வேலை என்பது அதன் சாரம். மாணவர்களோ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. பிரிட்டனின் உயர்கல்விக் கொள்கை ஆய்வு நிறுவனமான ஹெப்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், மதிப்பெண்ணுக்குரிய வேலைகளில் ஏஐயைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 2024-ல் 53 சதவீதம். மறு ஆண்டு அது 88 சதவீதம்.

ஆக, அனுமதிக்கலாமா என்ற கேள்வியின் காலம் போய்விட்டது. அதன் இடத்தில் இப்போது ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது: 'செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் பயன்படுத்தவும்.' பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒப்புக்குப் போடப்படும் இந்த வரியை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வார்? ஒரே செமஸ்டரில் ஒரு பேராசிரியர் இலக்கணத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர் அதுவே காப்பி என்கிறார். மூன்றாமவர் வாயே திறப்பதில்லை. அவருடைய மௌனத்தை மாணவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். சொல்லவில்லை என்றால் கூடாது என்றுதானே அர்த்தம் என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு நாள் இருவரும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் எதிரெதிரே உட்காருகிறார்கள்.

பொறுப்பு என்ற சொல் மாணவரை மட்டுமே குறிவைத்துச் சொல்லப்படுவதுதான் இங்கே கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வேலையை மாணவர் தன் தலையால் செய்தாக வேண்டும், எதைக் கருவியிடம் விட்டாலும் நஷ்டமில்லை என்று ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டும். அது நடக்காத வரை மாணவரிடம் பொறுப்பை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

கண்டுபிடிக்கும் கருவியை நம்பலாமா?

இந்த முடிவைத் தள்ளிப்போட உதவிய நம்பிக்கை ஒன்று உண்டு. யார் ஏஐ வைத்து எழுதினார்கள் என்பதை மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும், நாம் வழக்கம்போல் பாடம் நடத்தலாம் என்ற நம்பிக்கை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி கடைசியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதிய பனுவல்களில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாக அடையாளம் கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. இதை நிறுவனமே ஒப்புக்கொண்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றது. காப்பியைக் கண்டுபிடிக்கக் கல்லூரிகள் பரவலாகப் பயன்படுத்தும் டர்னிட்டின் என்ற மென்பொருள் 2023 ஏப்ரலில் தன் ஏஐ கண்டறியும் வசதியைக் கொண்டுவந்தபோது, தவறாகக் குற்றம் சாட்டும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் கணக்குப் போட்டுப் பார்த்தது. 2022-ல் அங்கே டர்னிட்டின் வழியாகப் போன கட்டுரைகள் 75,000. ஒரு சதவீதம் என்றாலே சுமார் 750 கட்டுரைகள். அத்தனை பேரிடம் 'நீ எழுதவில்லை' என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு? அந்தப் பல்கலைக்கழகம் ஆகஸ்டில் வசதியை அணைத்துவிட்டது.

இந்தக் கருவிகள் ஏன் தடுமாறுகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பல கருவிகள் அடிப்படையில் பார்ப்பது, அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக் கூடியதாக இருக்கிறது என்பதைத்தான். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகள் அதிகம் எதிர்பார்க்கக்கூடிய சொற்களை அடுக்கிக்கொண்டு போகும். அதனால் வழுவழுப்பாக ஓடும் உரைநடை சந்தேகத்துக்கு ஆளாகிறது. சரி, வேறு யார் எளிய, எதிர்பார்க்கக்கூடிய சொற்களில் எழுதுவார்கள்? ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல், டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை அவை ஏஐ எழுதியவை என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ அதே கருவிகள் அநேகமாகச் சரியாகவே அடையாளம் கண்டன. கஷ்டப்பட்டு இன்னொரு மொழியில் எழுதியவர் அதற்காகவே மாட்டிக்கொள்கிறார் என்றால், இது தொழில்நுட்பக் குறை என்பதைத் தாண்டி அநீதி ஆகிவிடுகிறது.

இன்னொரு வேறுபாட்டையும் பலர் கவனிப்பதில்லை. பழைய ஈயடிச்சான் காப்பி என்றால் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். மாணவரும் பார்க்கலாம், குழுவும் பார்க்கலாம். 'இந்தக் கட்டுரை 72 சதவீதம் ஏஐ' என்று ஒரு கருவி சொன்னால் எதன் பக்கத்தில் எதை வைப்பது? எண் மட்டும்தான் இருக்கிறது. அதை மறுக்க மாணவருக்கு வழி இல்லை, நிரூபிக்க ஆசிரியருக்கும் வழி இல்லை.

ஆசிரியரின் அனுபவக் கண் பிடித்துவிடாதா என்றால், அதுவும் சந்தேகம்தான். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 33 கற்பனை மாணவர்களின் பெயரில், உளவியல் பட்டப்படிப்பின் இணையவழித் தேர்வுகளுக்கு ஏஐ எழுதிய விடைகளை அப்படியே சமர்ப்பித்தார்கள். திருத்தியவர்களுக்கு விஷயம் தெரியாது. 2024-ல் வெளியான முடிவின்படி 94 சதவீத விடைத்தாள்கள் யார் கண்ணிலும் படவில்லை. உண்மையான மாணவர்களைவிட அவற்றுக்குச் சராசரியாக அதிக மதிப்பெண் வேறு.

கையைப் பிடிப்பதும் ஆளையே தூக்கிக்கொண்டு போவதும்

பிடிக்க முடியாது, அதனால் அனுமதித்துவிடுவோம் என்று முடிப்பது சோம்பேறித்தனம். அனுமதித்தால் கற்றல் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. பல்கலைக்கழகம் இல்லை என்றாலும் அதன் அமைப்பு தெளிவானது என்பதால் இங்கே சொல்கிறேன். சுமார் ஆயிரம் மாணவர்கள், பாடம் கணிதம். ஒரு பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு பிரிவுக்கு அதே ஏஐயின் மேல் கட்டிய பயிற்சிக் கருவி. நேரடி விடை தராது, ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை வைத்துப் படிப்படியாகத் துப்பு தரும். மூன்றாம் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியின்போது முதல் பிரிவு, கருவி இல்லாதவர்களைவிட 48 சதவீதம் மேலாகச் செய்தது. இரண்டாம் பிரிவு 127 சதவீதம். பிறகு எல்லாக் கருவிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு நடத்தினார்கள். முதல் பிரிவு, கருவியே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கியது. இரண்டாம் பிரிவுக்கு அந்த இழப்பு அநேகமாக இல்லை.

ஒரே ஏஐ, இரண்டு விளைவு. சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுபவருக்கும், 'நீ இறங்கு, நானே ஓட்டிக் காட்டுகிறேன்' என்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான். தங்களுக்குக் குறைந்திருக்கிறது என்பதை முதல் பிரிவு மாணவர்கள் உணரவே இல்லை என்றும் ஆய்வு சொல்கிறது. எனக்கு அதுதான் கவலை தருகிறது. விடை கைக்கு வந்தபோது பாடமும் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. 'எனக்குப் புரிந்துவிட்டது, ஏஐ விளக்கிவிட்டது' என்று ஒரு மாணவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்புகிறார்.

ஹார்வர்டின் புகழ்பெற்ற அறிமுகக் கணினிப் பாடமான சிஎஸ்50 இந்த வித்தியாசத்தை 2023-லேயே வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. அதற்குப் பதில் பாடக்குழுவே ஒரு ரப்பர் வாத்து உருவத்தில் ஏஐ உதவியாளரை உருவாக்கித் தந்தது. புரோகிராமர்கள் தாங்கள் எழுதிய நிரலில் (கோடில்) உள்ள பிழையை மேசைமேல் இருக்கும் பொம்மை வாத்திடம் விளக்கிச் சொல்லும் பழைய வழக்கத்திலிருந்து வந்த யோசனை அது. மாணவர் தன் கோடை ஒட்டி, ஏன் ஓடவில்லை என்று கேட்டால், வாத்து திருத்திய கோடைத் தராது. 'இந்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) கடைசியாக எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்தாயா?' என்ற தோரணையில் வழிகாட்டும். தடை, அனுமதி இரண்டும் ஒரே பாடத்தில், காரணத்தோடு அமைந்திருக்கின்றன.

ஓர் அசைன்மென்டைப் பிரித்துப் பார்த்தால்

எல்லா ஆசிரியராலும் சொந்தமாக வாத்து செய்ய முடியாது. ஆனால் தான் கொடுக்கும் அசைன்மென்டைப் பிரித்துப் போட எல்லோராலும் முடியும்.

சமூகவியலில் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு, 'பெருநகரங்களில் வீட்டு வாடகை உயர்வதற்கான காரணங்கள்' என்று 2,000 சொல்லில் ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒரு வேலை. உள்ளே ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன. அகலமான தலைப்பை ஒரு கேள்வியாகக் குறுக்க வேண்டும். என்ன படிப்பது என்று தேட வேண்டும். படித்தவற்றில் எதை நம்பலாம் என்று எடைபோட வேண்டும். இருவர் முரண்பட்டால் ஏன் என்று யோசிக்க வேண்டும். வாதத்தை வரிசைப்படுத்தி, எழுதி, திருத்தி, மேற்கோள் பட்டியலை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மேற்கோள் பட்டியலில் புள்ளியும் காற்புள்ளியும் சரி செய்வதை ஏஐ செய்தால் சமூகவியலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தேடலில் தொடக்கப் புள்ளியாக, 'இந்தத் துறையில் என்னென்ன வாதங்கள் இருக்கின்றன' என்று கேட்பதும் பரவாயில்லை, பிறகு மூலங்களை மாணவரே படிப்பதாக இருந்தால். ஆனால் இரண்டு ஆய்வாளர்கள் ஏன் முரண்படுகிறார்கள் என்பதைக் கருவியிடம் கேட்டு எழுதினால், அந்தக் கட்டுரை கொடுக்கப்பட்டதன் நோக்கமே போயிற்று. மீதி எல்லாவற்றையும் அவர் சொந்தக் கையால் எழுதியிருந்தாலும் பிரயோசனம் இல்லை.

இதே செயலை வேறு பாடத்தில் வைத்தால் தீர்ப்பு மாறும். இயற்பியல் ஆய்வக அறிக்கையில் வாக்கியங்களை ஏஐயிடம் கொடுத்துச் செம்மைப்படுத்துவதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்க வேண்டியதில்லை. மொழிப் பாடத்தில் அதே செம்மைப்படுத்தல்தான் பரீட்சையே. புரோகிராமிங் முதல் ஆண்டில் லூப் எழுதித் தரச் சொல்வது ஏமாற்று; கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் அது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி, ஏனென்றால் அங்கே பார்ப்பது முழு அமைப்பையும் வடிவமைக்கத் தெரிகிறதா என்பதை. அதனால்தான் பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே விதி என்பது எப்போதும் யாருக்காவது பொருந்தாமல் போகிறது.

இந்தப் பிரிப்பை முறைப்படுத்த வந்தவற்றில் அதிகம் பேசப்படுவது, பெர்கின்ஸ், ஃபர்ஸ், ரோ, மெக்வா ஆகிய நால்வர் உருவாக்கிய ஐந்து படி அளவுகோல். முதல் படியில் ஏஐ அறவே கிடையாது. அடுத்த படிகளில் யோசிக்கவும் திட்டமிடவும், பிறகு எழுதுவதிலும் திருத்துவதிலும் என்று இடம் விரிந்துகொண்டே போகிறது; மேல் படிகளில் ஏஐயின் முழுப் பயன்பாடே பாடத்தின் பகுதி. ஒவ்வொரு அசைன்மென்ட் தாளிலும் எந்தப் படி என்று போட்டுவிட்டால் மாணவருக்குக் குழப்பம் இருக்காது என்பது எண்ணம்.

சிட்னி பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலையில் 'இரண்டாம் படி வரைதான்' என்று எழுதினால் அதை யார் காவல் காப்பது என்று அங்கே கேட்டார்கள். அவர்கள் வகுத்தது இரண்டே பாதை. ஒன்று, கண்காணிப்புடன் நேருக்கு நேர் நடக்கும் மதிப்பீடு. அங்கே ஏஐ உண்டா இல்லையா என்பதை ஆசிரியர் தீர்மானித்து அமல்படுத்தவும் முடியும். மற்றது திறந்த மதிப்பீடு. அங்கே ஏஐக்கு அனுமதி உண்டு, அதை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதே வேலை. நடுவில் அரைகுறைத் தடைகள் கிடையாது. 2025 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

எது சரி? அமல்படுத்த முடியாத விதி, நேர்மையான மாணவருக்கு மட்டும் தண்டனை என்ற சிட்னியின் வாதத்தை மறுப்பது கடினம். விதியை மதித்தவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுவார். மதிக்காதவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தூங்குவார், மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்குவார். இருந்தும் ஐந்து படி அளவுகோலை நான் தூக்கிப் போட மாட்டேன். காவல் விதியாக அது தோற்கலாம். எந்தப் பகுதியை நீயே செய்தால் உனக்கு லாபம் என்று வகுப்பில் பேசுவதற்கு நல்ல சாக்கு அது. பெரும்பாலான மாணவர்கள் ஏமாற்ற வேண்டும் என்று கிளம்புவதில்லை. காரணம் சொன்னால் கேட்கக் கூடியவர்கள்தான்.

சொல்லிவிட்டுச் செய்வது

அனுமதிக்கும் இடங்களில் எல்லாம் வரும் நிபந்தனை, பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும் என்பது. பெரும்பாலும் அது இப்படித்தான் முடிகிறது: 'இக்கட்டுரை எழுத ஏஐ உதவி பெறப்பட்டது.' இந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. எழுத்துப்பிழை பார்த்ததும் இதில் அடங்கும், முழுக் கட்டுரையையும் எழுதி வாங்கியதும் இதில் அடங்கும்.

மேலே சொன்ன வாடகைக் கட்டுரைக்குப் பயனுள்ள குறிப்பு என்றால் இப்படி இருக்கலாம்: 'தலைப்பைக் குறுக்குவதற்காகச் சாட்ஜிபிடியிடம் பத்துக் கேள்விகள் கேட்டு வாங்கினேன், அவற்றில் ஒன்றை மாற்றி எடுத்துக்கொண்டேன். அது பரிந்துரைத்த ஐந்து கட்டுரைகளில் இரண்டு நூலகத் தரவுத்தளத்தில் இல்லை, விட்டுவிட்டேன். முதல் டிராஃப்ட் நான் எழுதியது. எதிர்வாதம் என்ன வரும் என்று கேட்டேன். அது சொன்னதில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிய கருத்தை ஏற்று நான்காம் பத்தியைத் திருத்தினேன். மொழிநடை திருத்தவில்லை.'

ஐந்தாறு வரிதான். ஆனால் இதைப் படிக்கும் ஆசிரியருக்கு மாணவர் எங்கே முடிவெடுத்தார் என்பது தெரிகிறது. எதை ஏற்றார், எதைத் தள்ளினார், ஏன் என்பதுதான் மதிப்பெண் போட வேண்டிய இடம். அப்படியே மதிப்பெண்ணும் போட வேண்டும். சொன்னால் குறைப்பார்கள் என்று தெரிந்தால் எந்த மாணவரும் சொல்ல மாட்டார். வெளிப்படைத்தன்மையைக் கேட்டுவிட்டு, வெளிப்படையாகச் சொன்னவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் பல துறைகளில் இருக்கிறது.

கட்டுரையாளராக ஏஐயின் பெயரைப் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. போட முடியாது. ஆய்விதழ்களுக்கான நெறிமுறைக் குழுவான கோப் 2023-ல் இதைத் தெளிவுபடுத்தியது: எழுதியதற்குப் பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியராக இருக்க முடியாது. வகுப்பறைக்கும் அதே நியாயம்தான். 'ஏஐ தவறாகச் சொல்லிவிட்டது' என்பது சமாதானம் ஆகாது. கீழே இருப்பது மாணவரின் பெயர்.

அந்தத் தவறு எப்படி வரும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஏஐ இட்டுக்கட்டும் மேற்கோள் அச்சு அசலாக இருக்கும். அந்தத் துறையில் உண்மையிலேயே எழுதுகிற ஒருவரின் பெயர், உண்மையான ஆய்விதழ், நம்பும்படியான ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, சாட்ஜிபிடி எழுதிய 84 சிறு கட்டுரைகளில் இருந்த 636 மேற்கோள்களைச் சரிபார்த்தது. அதன் பழைய பதிப்பான ஜிபிடி-3.5 கொடுத்தவற்றில் 55 சதவீதமும், அடுத்த பதிப்பான ஜிபிடி-4 கொடுத்தவற்றில் 18 சதவீதமும் இல்லாத மூலங்கள். பிறகு வந்த கருவிகள் இணையத்தில் தேடி எடுத்துத் தருவதால் இது குறைந்திருக்கிறது. அதனால் வேறொரு தொல்லை முளைத்திருக்கிறது: மூலம் உண்மையாக இருக்கும், அதில் அந்தக் கருத்து இருக்காது. தலைப்பைத் தேடிப் பார்த்தால் மட்டும் இது பிடிபடாது, கட்டுரையைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படித்தாக வேண்டும்.

படித்து முடித்துத் தொழிலுக்கு வந்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிராக நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை முன்னுதாரணமாகக் காட்டி மனு போட்ட வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம். தீர்ப்புகள் உண்மையா என்று அவர்களில் ஒருவர் சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். அதுவும் உண்மைதான் என்றது. சரிபார்ப்பை அதே கருவியிடமே கேட்பது எவ்வளவு அபத்தம் என்பதை வகுப்பில் விளக்க இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடையாது.

அப்புறம், கருவிக்குள் எதைப் போடுகிறோம் என்பது. களப்பணிக்குப் போய் ஒருவரைப் பேட்டி எடுக்கிறார் மாணவர். பேட்டி கொடுத்தவர் தன் பெயர் வெளியே வராது என்ற உறுதியை நம்பித்தான் பேசினார். அந்தப் பதிவைச் சுருக்கித் தரச் சொல்லி இலவச ஏஐ கணக்கில் ஒட்டினால், அந்த உறுதி அங்கேயே உடைந்தது. பலருக்கு இது தவறு என்றே தோன்றுவதில்லை, ஏனென்றால் காப்பி பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2023-லேயே தன் மாணவர்களுக்கென்று தனி ஏஐ சேவை தொடங்கியதற்கு இந்தத் தகவல் பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் சமவாய்ப்பு. மாதக் கட்டணம் கட்டுபவருக்கு வல்லமை கூடிய பதிப்பு, கட்ட முடியாதவருக்கு இலவசப் பதிப்பு என்றால், 'ஏஐ பயன்படுத்தலாம்' என்ற ஒரே அனுமதி இருவருக்கும் ஒன்றல்ல. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2025-ல் தன் 4,60,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குச் சாட்ஜிபிடியின் கல்விப் பதிப்பைக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. ஒரே நிறுவனத்தின் கையில் அத்தனை மாணவர்களையும் கொடுப்பது நல்லதா என்பது தனியாகப் பேச வேண்டிய விவகாரம்.

செலவு யாருடையது?

ஏஐக்குத் திறந்த பாதை இருந்தால் கூடவே அதற்கு மூடிய பாதையும் வேண்டும் என்பது இதுவரை சொன்னவற்றிலிருந்து தெரியும். எங்கேயாவது ஓரிடத்தில் மாணவர் கருவி இல்லாமல் நின்று, தனக்குத் தெரியும் என்று காட்டியாக வேண்டும். வகுப்பிலேயே எழுதும் தேர்வு ஒரு வழி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் எழுதுவதற்கும் மூன்று வாரம் யோசித்து எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு, பின்னதை முன்னதால் அளக்க முடியாது. எனக்குப் பிடித்தது வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, 'மூன்றாம் பத்தியில் இந்த ஆய்வை ஏன் நம்பவில்லை?', 'இந்தத் தரவு இல்லை என்றால் உன் முடிவு என்ன ஆகும்?' என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஏஐ உதவியோடு எழுதியிருந்தாலும் விஷயம் உள்ளே இறங்கியிருந்தால் பதில் வரும். முழுக்கச் சொந்தமாக எழுதியும் புரியாமல் எழுதியிருந்தால் வராது. யார் எழுதினார்கள் என்று துப்பறிய வேண்டியதே இல்லை. நேரில் பேசத் தயங்கும் மாணவருக்கு மட்டும், கேள்விகளை அரைமணி முன்பே கொடுப்பது போன்ற சிறு சலுகைகள் தேவைப்படும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. வகுப்பில் 120 பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 20 மணி நேரம். ஏற்கெனவே இரண்டு மூன்று பாடம் எடுக்கும் ஆசிரியரிடம், அதிலும் தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவரிடம், இதைச் சும்மா செய்யச் சொல்ல முடியாது. நேரம் இல்லாததால்தான் சிலர் கட்டுரைகளைத் திருத்தவே ஏஐயிடம் கொடுக்கிறார்கள். அதை மாணவரிடம் சொல்வதும் இல்லை. மாணவர் ஏஐ பயன்படுத்தினால் அறிவிக்க வேண்டும் என்ற விதி, ஆசிரியருக்கும் பொருந்தும் என்று எழுதிவைக்கும் துறைகள் இன்னும் குறைவு.

அந்த 20 மணி நேரத்தை எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். செமஸ்டருக்கு ஐந்து அசைன்மென்ட் என்று இருப்பதை இரண்டாகக் குறைப்பதுதான் கைக்கு எட்டும் வழி. மூன்றைத் திருத்தப் போகிற நேரம் மிச்சமாகும், மீதி இரண்டையும் ஒழுங்காகப் பேசித் தீர்க்கலாம். இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு இத்தனை சமர்ப்பிப்புகள் கட்டாயம் என்று வைத்திருக்கும் பாடத்திட்டக் குழுக்கள் அந்த எண்ணை முதலில் மாற்ற வேண்டும். ஏஐ கொள்கை என்று தனியாகப் பத்துப் பக்க ஆவணம் தயாரிக்கும் கூட்டங்களில், இந்த எண் விவாதத்துக்கே வருவதில்லை.